இடது கை மணிக்கூடு

அப்பாவின் கைமணிக்கூடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு நின்றது. இவ்வளவு சரியாக நேரம் சொல்கிறாளே என்று யாரும் வியக்க வேண்டாம். அதற்குப் பிறகு மூன்று நாள் அது பத்து இருபதைக் காட்டிக்கொண்டே அவருடைய கையில் கிடந்தது. கழற்ற விடவில்லை.

"பிள்ளை, ஓடி வா" என்று அவர் அறையிலிருந்து கூப்பிட்ட குரலைக் கேட்டு, அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கட்டிலால் விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். விழவில்லை. தலையணையில் சாய்ந்தபடி, இடது கையை வலது கையால் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

"மணிக்கூடு நிண்டிட்டுது."

செத்தவீட்டுச் செய்தி சொல்கிற குரல். குசினியில் பால் பொங்கி அடுப்பில் கருகும் மணம் வந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நிண்டால் நிண்டிட்டுப் போகட்டும். நேரம் வேணுமெண்டால் என்ர ஃபோனில பாத்துச் சொல்லுறன்" என்றேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

நாங்கள் இருப்பது புங்குடுதீவில், குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் பஸ் றோட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. காலும் கையும் அசையாது. உணர்ச்சி மட்டும் போகவில்லை. குளிப்பாட்டும்போது வெந்நீரில் சூடு கொஞ்சம் கூடினால், அந்த அசையாத கைதான் முதலில் கண்டுபிடித்துக் கத்தும். அம்மா இறந்து கனகாலம். அண்ணன்மார் இரண்டு பேர். மூத்தவர் கனடாவில், மற்றவர் பிரான்சில். நான் கடைசி. கலியாணம் பேசிப் பேசிக் குழம்பி, கடைசியில் வீட்டோடு நின்றுவிட்டவள். "நீ அங்கை நிக்கிறாய் எண்ட நிம்மதியிலதான் நாங்கள் நித்திரை கொள்ளுறம்" என்று மூத்த அண்ணை தொலைபேசியில் சொல்வார். அவர்கள் நன்றாக நித்திரை கொள்ளட்டும்.

அது சாதாரண மணிக்கூடு இல்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கடை நன்றாக ஓடிய நாட்களில் வாங்கியது. பற்றரி கிடையாது. தலையைத் திருகி முறுக்கவும் தேவையில்லை. திருகினால் முள் நகரும், அவ்வளவுதான். கட்டிக்கொண்டிருந்தால் தன்பாட்டில் ஓடும். பிறகு கலவரத்தில் கடை எரிந்தது. ஊருக்கு வந்தோம். ஊரையும் விட்டு யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்து இருந்தோம். யுத்தத்தில் பற்றரிக்குத் தடை போட்டிருந்த காலம் அது. அயலில் இருந்த மணிக்கூடுகள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்று வெறும் காப்பாகிவிட்டன. அப்பாவுடையது மட்டும் ஓடியது. பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்புகிறவர்களும் முகூர்த்தம் வைக்கிறவர்களும் படலையில் வந்து நின்று, "அண்ணை, நேரம் என்ன?" என்று கேட்பார்கள். அப்பா சேட்டுக் கையை மேலே இழுத்து, கொஞ்சம் தாமதித்து, நிமிடத்தோடு சொல்வார். பத்தரை என்று சொல்லவே மாட்டார். பத்து இருபத்தெட்டு என்பார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து குந்தியிருந்த மனிதரிடம் நாலு பேர் வந்து ஏதோ ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனது அந்த ஒரு பொருளால்தான். சின்னவளாக இருந்த எனக்கே அது விளங்கியது.

படுக்கையில் விழுந்த பிறகு ஊர் அவரிடம் நேரம் கேட்பதில்லை. நேரம் சொல்வதற்கு அவருக்கு மிஞ்சியது நான் ஒருத்திதான். ஐந்தே முக்காலுக்குத் தேத்தண்ணீர், ஆறு பத்துக்குக் குளிப்பு, பன்னிரண்டு இருபதுக்குச் சோறு. இவை எல்லாம் பரவாயில்லை. வெளியே போனால்தான் வில்லங்கம். சந்திக் கடைக்குப் போய்வர இருபத்தாறு நிமிடம் என்பது அவர் வகுத்த கணக்கு. நான் பையைக் கீழே வைக்க முன்னமே அறைக்குள்ளிருந்து சத்தம் வரும்.

"முப்பத்தொண்டு."

மிச்சம் ஐந்து நிமிடம் எங்கே போனது என்று கேட்கமாட்டார். எண்ணைச் சொல்லிவிட்டு கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கேட்டால் திருப்பிக் கேட்கலாம், சண்டை பிடிக்கலாம். ஒரு எண்ணோடு எப்படிச் சண்டை பிடிப்பது? விறாந்தையில் ஒரு சுவர் மணிக்கூடு இருக்கிறது. கட்டிலில் கிடந்து பார்த்தால் அது தெரியாது. தெரிந்தாலும் நம்பமாட்டார், பற்றரியில் ஓடுவது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மணிக்கூடு நிற்பதற்கு இரண்டு நாளைக்கு முன்புதான் அப்பாவின் கைப் பயிற்சியை விட்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்த பயிற்சி அது. அசையாத கையைப் பிடித்து மேலே தூக்கி, இறக்கி, முழங்கையை மடக்கி, நீட்டி, காலையில் நூறு தரம், மாலையில் நூறு தரம். மணிக்கூட்டைக் கழற்றாமல்தான் செய்ய வேண்டும். கழற்றச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஒன்றரை வருடத்துக்கு மேல் விடாமல் செய்தேன். கை வரவில்லை. குனிந்து குனிந்து என் நாரி பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டர், இனிப் பெரிய மாற்றம் வராது என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மாலையில் நான் வழக்கம்போலக் கையைப் பிடிக்கப் போனபோது அப்பா, "காணும், விடு" என்றார். நானும் விட்டுவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

நான்காம் நாள் அவரே மணிக்கூட்டைக் கழற்றித் தந்தார். "யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போ. உள்ளுக்குத் திறந்து வடிவாப் பாக்கச் சொல்லு. ஏதோ பிழை இருக்கு. கட்டாயம் இருக்கு" என்றார்.

மணிக்கூட்டுக்கு வருத்தம், வைத்தியம் பார்க்க வேண்டும் என்றபடியால் எனக்கு ஒரு நாள் முழுக்க விடுமுறை கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து விறாந்தையில் இருந்தார். அறைக்குள் அவரை விடமாட்டார் அப்பா. பிற பெண் பார்க்கும்படி கிடக்கிறேனே என்ற வெட்கம். அக்காவின் புருசன்தான் இடைக்கிடை உள்ளே போய்த் தேவைகளைப் பார்த்தார். நான் பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து, கடற்காற்று முகத்தில் அடிக்க, என் வயதை மறந்து போனேன்.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஒடுங்கிய கடையில் மணிக்கூடு திருத்துகிறவர் இருந்தார். கையில் வாங்கி இரண்டு தரம் குலுக்கிக் காதில் வைத்தார். "ஓடுதே" என்றார். நான் விடவில்லை, திறந்து பார்க்கச் சொன்னேன். ஒரு கிழமை, ஏழு நாளும், வைத்துத் துடைத்து, ஓடவிட்டுப் பார்த்து, பஸ் நடத்துநரிடம் கொடுத்தனுப்பினார். ஒரு பிழையும் இல்லை என்று சொல்லிவிட்டிருந்தார். அப்பாவின் கையில் கட்டி ஒன்றரை நாள் போகவில்லை, திரும்பவும் நின்றுவிட்டது.

"அவன் சரியாப் பாக்கேல்லை. திரும்பக் கொண்டு போ" என்றார் அப்பா. குரலில் கோபம் இருந்தது. கோபத்தோடு வேறு ஏதோவும் இருந்தது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. இன்னொரு விடுமுறை கிடைத்ததே என்று உள்ளுக்குள் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை திருத்துகிறவர் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

"தங்கச்சி, இதை ஆர் கட்டுறது?"

"அப்பா."

"அவர் எழும்பி நடந்து திரியிறவரோ?"

சொன்னேன். எந்தப் பக்கம் விழுந்தது என்பதையும், எந்தக் கையில் கட்டுகிறார் என்பதையும் சொன்னேன். அவர் பின்மூடியைத் திறந்து எனக்குக் காட்டினார். உள்ளே பாதி வட்டமாக ஒரு தகடு. விரலால் தட்டியதும் சுழன்றது.

"கை ஆடினால்தான் இது சுத்தும். இது சுத்தினால்தான் உள்ளுக்குச் சுருள் முறுகும். கை ஆடாட்டில் ரெண்டு நாள்கூடத் தாங்காது. மணிக்கூடு தங்கமாயிருக்கு, தங்கச்சி."

மூடியைப் பூட்டி மணிக்கூட்டை என் கையில் தந்தார். காசு வாங்கவில்லை.

திரும்பும் பஸ் பண்ணைப் பாலம் தாண்டும்போதுதான் முழுக் கதையும் எனக்குள் இறங்கியது. அந்த ஒன்றரை வருடமும் மணிக்கூட்டை ஓட்டியது நான். காலையில் நூறு, மாலையில் நூறு என்று அவர் கையைத் தூக்கித் தூக்கி இறக்கியபோது கை வரவில்லை, மணிக்கூடு மட்டும் முறுகிக்கொண்டிருந்தது. நான் விட்ட இரண்டாம் நாள் அது நின்றது. இதை எப்படிப் போய்ச் சொல்வது? உங்கள் மணிக்கூடு நல்லாயிருக்கிறது அப்பா, உங்கள் கைதான் என்று சொல்வதா? டொக்டர் மெதுவாகச் சொன்னதை நான் போய்ப் பலமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து சுற்றி வளைத்துப் பார்த்தேன். "வலது கையில கட்டிப் பாப்பமோ அப்பா?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "அப்ப இந்தக் கை செத்துப்போச்செண்டு நீயும் முடிவு கட்டிட்டியோ?"

"இல்லையப்பா. வேணுமெண்டால் பயிற்சியைத் திரும்பச் செய்வம்."

"எதுக்கு? வாறதெண்டால் தன்ர பாட்டில வரும்."

அந்த இடத்தில் ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். மணிக்கூட்டுக்குள் ஈரம் போயிருக்கிறதாம், காலையில் மூன்று மணித்தியாலம் அரிசிப் பேணிக்குள் வைக்க வேண்டுமாம், திருத்துகிறவர் சொன்னார் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்தார். "சரி, வை" என்றார்.

மறுநாள் தொடங்கினேன். ஆறு பத்துக்குக் குளிப்பாட்டும்போது கழற்றுவேன். குசினிக்குள் போய் என் வலது கையில் மாட்டி, கம்பிப் பட்டி தொளதொளவென்று வழுக்காமல் முழங்கை வரை ஏற்றி, சட்டைக் கைக்குள் மறைத்துக்கொள்வேன். பிறகு வீட்டு வேலை. கிணற்றுக் கப்பியில் தண்ணீர் இழுப்பேன். முற்றம் கூட்டுவேன். திருவலையில் தேங்காய் திருவுவேன். அவருடைய துணிகளைக் கல்லில் அடித்துத் துவைப்பேன். ஒன்பது மணிக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், அரிசியில் கிடந்த மணிக்கூடு என்று சொல்லி, அவருடைய இடது கையில் கட்டிவிடுவேன். ஓடியது. ஒரு நாளும் நிற்கவில்லை. விரதம் பிடித்து நான் சோர்ந்து இருந்த ஒரு வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் மட்டும் நின்றது. அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கூட இருபது வாளி தண்ணீர் அள்ளி வாழைக்கு ஊற்றினேன். வாழை செழித்தது.

அப்பாவின் குரல் பழையபடி ஏறிவிட்டது. "இருபத்தொன்பது." "முப்பத்திரண்டு." நான் அள்ளிய தண்ணீர்தான், நான் திருவிய தேங்காய்தான் அங்கே கட்டிலில் கிடந்து என்னை எண்ணிக்கொண்டிருந்தது. என்னைக் கட்டிய கயிற்றை நானே உட்கார்ந்து திரித்துக்கொண்டிருந்தேன். சில காலைகளில் கப்பிக் கயிற்றைப் பிடித்தபடி நின்று அழுதிருக்கிறேன். அழுது முடித்துவிட்டு மிச்ச வாளியையும் இழுப்பேன்; அழுகிறதற்கும் அவர் நிமிடம் வைத்திருந்தார்.

ஆனி மாதம் பிறந்தது. நயினாதீவு அம்மன் கோயில் கொடியேறியது. எங்கள் றோட்டால் விடிய விடியப் பஸ்கள் குறிகட்டுவானுக்குப் போகும். பஸ்ஸுக்குள்ளிருந்து கூட்டமாக அரோகரா கேட்கும். எங்கள் வீட்டிலிருந்து இறங்குதுறை கூப்பிடு தூரம்தான், அதற்கப்பால் இருபது நிமிடக் கடல். மூன்று வருடமாக நான் போகவில்லை. எனக்கு அப்படியொன்றும் பெரிய பக்தி கிடையாது. தேரன்று படகில் நின்றுகொண்டு போக வேண்டும், யாரும் என்னைத் தேடாத ஒரு கூட்டத்துக்குள் அரை நாள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அரை நாள் கிடைக்காவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும் போல இருந்தது.

கேட்டேன்.

"தேருக்கு ஊரே போயிடும். எனக்கு ஒண்டெண்டால் ஆர் பாக்கிறது?" என்றார். பிறகு, பெரிய மனது வைத்து, "முக்கால் மணித்தியாலத்தில வாறதெண்டால் போட்டு வா" என்றார். முக்கால் மணித்தியாலத்தில் படகு வரிசையில் பாதிகூட நகரமாட்டோம். அண்ணனிடம் சொன்னேன். "இந்த முறை விடு, அடுத்த முறை பாப்பம்" என்றார், கனடாவில் இருந்துகொண்டு.

அதற்குப் பிறகு நான் செய்ததைத் தப்பென்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நான் ஒன்றும் செய்யவில்லை, செய்யாமல் விட்டேன். தேர் திங்கட்கிழமை. சனிக்கிழமை மணிக்கூட்டைக் கட்டி வேலை செய்ததுதான் கடைசி. ஞாயிற்றுக்கிழமை, முதல் தடவையாக, அதை உண்மையிலேயே அரிசிப் பேணிக்குள் வைத்தேன். திங்கட்கிழமை வெள்ளனவே அப்பாவைக் குளிப்பாட்டி, இடியப்பம் தீத்தி, பேணியிலிருந்து எடுத்த மணிக்கூட்டைக் கையில் கட்டினேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணித்தியாலம் தாங்கினால் பெரிய காரியம். நின்றுவிட்டால் அவரால் என்னை எண்ண முடியாது. எவ்வளவு நேரம் போனாள் என்று எந்த எண்ணை வைத்துச் சொல்வார்? ஊர்ப் பிள்ளையாரிடம் போய்ச் சந்திக் கடைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவின் புருசனும் தேருக்குப் போய்விட்டார்; அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, விறாந்தையில் இருக்கச் சொன்னேன். தண்ணீரும் பிஸ்கட்டும் சலப் போத்தலும் அவருடைய வலது கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, பின் படலையால் இறங்கி ஓடினேன்.

படகில் நின்றேன். சோழகக் காற்று சேலையைப் பிய்த்தது. முகமெல்லாம் உப்பு. நான் சிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். தேர் அசைந்து வந்தபோது கையை உயர்த்தினேன். வெறும் மணிக்கட்டு கண்ணில் பட்டது. உடனே, இப்போது நின்றிருக்குமா என்று நினைத்தேன். அம்மனை நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் வடிவாக இல்லை. ஃபோனை எடுத்தேன், அதன் பற்றரி செத்துக் கிடந்தது. இரவு முழுக்கப் பயணத்தை யோசித்த எனக்கு அதைச் சார்ஜில் போட நினைவு வரவில்லை. அப்பா அறிந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். கச்சான் விற்றவரிடம் நேரம் கேட்டேன். பத்து மணி என்றார். வேறொருவரிடம் கேட்டேன். தொண்டர் பெடியன் ஒருவனிடம் கேட்டேன். நாலாம் தரம் கேட்கும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. இறங்குதுறைக்கு வந்தால் வரிசை வளைந்து வளைந்து கோயில் வீதி வரை நின்றது. காற்று பலத்துவிட்டது, சின்னப் படகுகளை விடவில்லை. வெயிலில் நின்றேன். எதிரே கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் தீவு ஒரு கோடாகத் தெரிந்தது. வெளியே வருவதற்கென்று வந்தவள் இங்கே வந்து அடைபட்டு நின்றேன். பிஸ்கட் புரைக்கேறியிருக்கும், எட்டிப் போத்தலை எடுக்கப் போய் விழுந்திருப்பார், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் போயிருக்கும் என்று ஒவ்வொன்றாக மனதில் வந்தது. நேரம் தெரியாத கட்டிலில் கிடந்து அவர் என்ன செய்வார் என்பதை நான் ஒரு நிமிடமாவது யோசித்திருக்கவில்லை. அதை நினைத்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

வீட்டுக்கு வரும்போது மூன்றரை மணி. அக்கா விறாந்தையில் எழும்பி நின்றார்.

"என்னைக் கிட்ட விடேல்லை. சோறு கொண்டு போனன், பிறகு வாரும் எண்டிட்டார். மத்தியானம் தொடக்கம் கட்டில் கிரீச்சுக் கிரீச்செண்டு சத்தம் கேக்குது. நீர் போய்ப் பாரும்."

சத்தம் எனக்கும் கேட்டது. ஒரே அளவாக, விட்டு விட்டு. செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

அப்பா வியர்வையில் குளித்துக் கிடந்தார். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து, மேலே தூக்கினார், இறக்கினார். தூக்கினார், இறக்கினார். பிடித்த இடத்தில் தோல் சிவந்து கன்றியிருந்தது. மூச்சு வாங்கியது. மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அதில் நேரம் பதினொன்று பத்து; இடையில் நின்றிருக்கிறது.

என்னைக் கண்டும் அவர் நிறுத்தவில்லை. "தேர் வீதி சுத்தி இருப்புக்கு வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நேற்றும் இண்டைக்கும் நீ கட்டேக்கை மணிக்கூடு குளிர்ந்து கிடந்தது. மற்ற நாளெல்லாம் சூடாயிருக்கும்."

கையை நெஞ்சில் இறக்கி வைத்தார். கொஞ்ச நேரம் மூச்சு எடுத்தார். பிறகு முகட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கையை ஆட்டினால் ஓடுற சாமானெண்டு வாங்கின எனக்குத் தெரியாதே, பிள்ளை? நீ பயிற்சியை விட்டதாலதான் நிண்டதெண்டு அண்டைக்கே தெரியும். எண்டாலும் மணிக்கூட்டில பிழை இருக்கோணும், மணிக்கூட்டில பிழை இருக்கோணுமெண்டு அம்மாளாச்சியை நேர்ந்தனான். உன்னை ரெண்டு தரம் அனுப்பினனான். ரெண்டு தரமும் அந்த மனிசன் நல்லாயிருக்கெண்டுதானே சொல்லிவிட்டவன்."

எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது கோபம். எத்தனை கிழமை சட்டைக் கைக்குள் ஒளித்து ஒளித்துத் திரிந்தேன், எல்லாம் தெரிந்துகொண்டு கிடந்தாரே என்ற கோபம். பிறகு அவருடைய கையைத் தொட்டேன். இடது கை சுட்டது. அவ்வளவு நேரமும் ஆட்டியதில் மணிக்கூடும் சுட்டது. அப்போதுதான் அழுதேன், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அக்கா கேட்கும்படி.

"சோத்தைப் போடு. பசிக்குது" என்றார் அப்பா.

மறுநாள் குளித்து முடிந்ததும் அவரே வலது கையால் மணிக்கூட்டைக் கழற்றி நீட்டினார். "கட்டிக்கொண்டு போய் வேலையைச் செய். சட்டைக் கையைக் கிழிக்காதை" என்றார். பயிற்சியையும் திரும்பத் தொடங்கினோம், ஐம்பது தரம், என் நாரிக்காக. எண்ணுவது அவர். இப்போது ஊருக்குள் நான் ஆம்பிளை மணிக்கூடு கட்டித் திரிகிறேன் என்று பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும்.

அந்தக் கிழமை ஒரு நாள் சந்திக் கடைக்குப் புறப்பட்டேன். ஒன்பது மணிக்கு மேல் இருக்கும். மணிக்கூடு அவர் கையில் இருந்தது. படலையைத் திறக்கும்போது கூப்பிட்டார். திரும்பிப் போனேன். கழற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"இதையும் கொண்டு போ. நடக்கேக்கை ஓடும்தானே."

"அப்ப உங்களுக்கு நேரம்?"

"எனக்கென்னத்துக்கு நேரம்? நீ ஆறுதலா வா."

வாங்கி வலது கையில் மாட்டினேன். அறையில் இனி ஒரு மணிக்கூடும் இல்லை. நான் எத்தனை நிமிடத்தில் வந்தாலும் சொல்வதற்கு அவரிடம் எண் இல்லை. விருப்பமென்றால் இறங்குதுறை வரை நடந்து போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம். கடையில் சீனியும் பருப்பும் வாங்கினேன். கடைக்காரப் பெண் கதைக்கத் தொடங்கினாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். வரும் வழியில் இரண்டு தரம் பார்த்தேன். மதகைத் தாண்டியதும், வேலைக்குப் பிந்தியவள்போல எட்டி நடந்தேன். படலையைத் திறந்து, பையைக் கீழே வைத்து, மூச்சு வாங்க அறை வாசலில் போய் நின்றேன். அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"இருபத்தாறு" என்றேன் நான்.